காலி பாட்டிலை நம்பிய வருஷங்கள்

ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து நஞ்சுண்டப்பா சார் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வர வேண்டும் அவருக்கு. ஜீப்புக்குப் பின்னால் இருபதடி தள்ளி ஒரு மைல்கல்லின் மேல் முருகேசன் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் அவன் தொடை மேல் சாய்ந்திருந்தது. உதடு வெளுத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரில மேடம். கால் இருக்குது, ஆனா என்னுது இல்ல" என்றான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். பொம்மசந்திராவில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கேன்டீன் சூப்பர்வைசராகச் சேர்ந்து எனக்கு அப்போது இரண்டு மாதம். கம்பெனிக்கென்று ஒரு சைக்கிள் அணி உண்டு. பயிற்சி முடிந்ததும் அவர்களுக்குப் போட வேண்டிய சாம்பார் சாதத்துக்குக் காவலாகத்தான் என்னை ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். மைல்கல்லையும் ஆரஞ்சையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பழம் ஜீப்பில் எதற்கு, சைக்கிளில் அல்லவா இருக்க வேண்டும்? அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அந்த ஒரு யோசனையின் பின்னால் பத்து வருஷம் ஓடினேன்.

"சார், அந்தப் பழத்துல பாதிய முருகேசனுக்குக் குடுக்கலாமா?"

"ஓட்டும்போது தின்னா ரத்தமெல்லாம் வயித்துக்கு இறங்கிடும்மா. அப்புறம் கால்ல யாரு இருப்பா?" ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"தண்ணியாவது?"

"தண்ணி குடிச்சா பேலன்ஸ் போயிடும்."

"ஏன் சார் போகும்?"

"போகும்மா. நான் எத்தன வருஷம் ஓட்டியிருக்கேன்!" தாடையில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளம். நான் விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. முப்பத்தைந்து வயதில் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதக் கை கூசுகிறது. பேங்க் ஃபாரத்தில் அப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் திடீரென்று ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் கிளம்பியிருக்கிறார்கள். யாரோ என் பெயரைச் சொல்லிவிட, ஞாயிறு காலையானால் போன். "மேடம், எத்தனை கிராம்? எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை?" வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, உள்ளே இனிப்புக் கூழ் அடைத்த பளபளா பொட்டலம் எல்லார் கையிலும். பொட்டலத்தின் பின்பக்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். நான் கேட்கிற ஒரே கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் இல்லை. அது என்ன கேள்வி என்று பிறகு சொல்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மனையியலில் பட்டம். உணவியலில் முதல் மதிப்பெண். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஆறு மாதம் கஞ்சி அளந்தேன். அரசு வேலையில் இருந்த அப்பாவுக்கு, மகளும் ஓர் அரசு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசை. எனக்கு எந்த நாற்காலியிலும் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வராது. கேன்டீன் வேலைக்கு வந்தேன்.

நஞ்சுண்டப்பா சார் பர்சனல் டிபார்ட்மென்ட்காரர். ஒரு காலத்தில் மாநில அளவில் சைக்கிள் ஓட்டியவர், அதனால் அணிக்கும் அவரே மேலாளர். ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். எதைக் கேட்டாலும் கண்ணை மூடித் திறந்து, "நோடோண" என்பார். கன்னடத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பிறகு யாரும் பார்த்ததில்லை. சைக்கிளுக்கு டயர் வேண்டும் என்றால் நோடோண. கேன்டீன் கூரை ஒழுகுகிறது என்றால் நோடோண. கத்துகிற மேலதிகாரியோடு சண்டையாவது போடலாம். இவரோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி.

ஓட்டும்போது சாப்பிட, குடிக்கக் கொடுத்துப் பார்க்கலாமா என்று எழுதிக் கேட்டேன். நோடோண. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே, அது போதும் என்று ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் உணவு. வேர்க்கடலை மிட்டாய் கொடுத்தேன். பல்லில் ஒட்டி, மூச்சு வாங்கவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தார்கள். ஜாம் தடவிய ரொட்டி ஜெர்சியின் முதுகுப் பையில் களியாக மாறியது. எலுமிச்சை சாதத்தைப் பிளாஸ்டிக் கவரில் உருட்டிக் கொடுத்தேன். பாஷா என்கிற சீனியர் ரைடர் அதைப் பல்லால் கிழித்து, சாதம் முழுவதையும் பின்னால் வந்தவன் முகத்தில் இறைத்தான். "மேடம், கல்யாணத்துல அட்சதை போடற மாதிரி இருந்துச்சு" என்றான் வந்து. கடைசியில் விதை எடுத்த பேரீச்சம்பழமும், பாதியாக நறுக்கிய வாழைப்பழமும் நின்றன.

அடுத்து குடிக்க. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை போட்ட தண்ணீர். சந்தாபுராவில் கிளம்பி ஆனேக்கல், அங்கிருந்து அத்திப்பள்ளி, பிறகு ஓசூர் ரோட்டில் ஏறித் திரும்பவும் சந்தாபுரா. இது ஒரு முக்கோணம். மூன்று சுற்று போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நான் ஆனேக்கலைத் தாண்டிய ஒரு திருப்பத்தில் நிற்பேன். பாட்டில் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கழுத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, கையை நீட்டி, வருகிறவன் போகிற திசையிலேயே நாமும் நாலு எட்டு ஓட வேண்டும். நின்றபடி நீட்டினால் பாட்டில் அவன் கையில் கல் மாதிரி மோதும். அவன் விரல் பட்டதும் விட்டுவிட வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் அவன் விழுவான். முதல் நாள் புடவையில் போனேன். இரண்டாம் நாள் முதல் சுடிதார், கேன்வாஸ் ஷூ. ஆனேக்கல் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள்.

பாட்டில்கள் கம்பெனியுடையவை. எட்டுப் பேருக்குப் பொது. பழக்கூழ் வந்த பிளாஸ்டிக் பாட்டில், மூடியில் சுட்ட ஆணியால் ஒரு துளை. துளை வழியாக உறிஞ்ச வேண்டும் என்பது என் ஏற்பாடு. சுற்று முடிந்ததும் பாட்டில் காலியாகத் திரும்பி வரும். என் நோட்டில் அந்தப் பெயருக்கு நேராக 'குடித்தான்' என்று எழுதுவேன். கிளம்பும் முன்பும் திரும்பி வந்த பின்பும், டிஸ்பாட்ச் பகுதியில் பெட்டிகளை நிறுக்கும் தராசில் ஒவ்வொருவரையும் ஏற்றி எடை எடுப்பேன். துண்டால் வேர்வையைத் துடைத்துவிட்டு ஏற வேண்டும். அதையும் நோட்டில் எழுதுவேன். என் நோட்டைப் பார்த்து நானே மயங்கிய காலம் அது.

ஏழு பேருக்கு என் ஏற்பாடு பலித்தது. மூன்றாவது சுற்றில் முன்னைவிட நன்றாக ஓட்டினார்கள். முருகேசனுக்கு மட்டும் பலிக்கவில்லை. அணியிலேயே வேகமானவன் அவன்தான். தர்மபுரிப் பக்கத்துக்காரன், பிரஸ் ஷாப்பில் தற்காலிகத் தொழிலாளி, ஈஜிபுராவில் குடித்தனம். இரண்டு சுற்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு போவான். மூன்றாவது சுற்றில் அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் ரோட்டில் ஏறியதும் அதே நடுக்கம், அதே வெளுத்த உதடு. எடையில் பாஷாவுக்கு ஒரு பங்கு குறைந்தால் இவனுக்கு இரண்டு பங்கு குறைந்தது.

அந்த வருஷம் தொழிற்சாலைகளுக்கு இடையிலான பந்தயம் இதே பாதையில்தான் என்று முடிவாகியிருந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் முருகேசனை விளையாட்டுப் பிரிவில் பர்மனென்ட் செய்வதாக நிர்வாகம் வாய் திறந்து சொல்லியிருந்தது. வராவிட்டால் மாதக் கடைசியில் அவன் கேட்டுக்கு வெளியே. ஏற்கெனவே இரண்டு முறை வெளியே போய்விட்டு உள்ளே வந்தவன்.

நான் சர்க்கரையைக் கூட்டினேன். பலனில்லை. உப்பைக் கூட்டினேன். பலனில்லை. மறுபடி சர்க்கரையைக் கூட்டினேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "நாலு இட்லி, ஒரு பழம் மேடம்" என்று ஒவ்வொரு தடவையும் அதே பதில். பாட்டில் காலியாக வருகிறது. எல்லாருக்கும் போனதுதான் இவனுக்கும் உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் இவன் வெறும் வயிற்றோடு வருகிறான், விரதமோ வறுமையோ, மறைக்கிறான். இது என் கண்டுபிடிப்பு. மூன்று மணி நேரத்தில் எடை குறைவது தண்ணீர். காலையில் தின்ற இட்லிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கல்லூரியில் இரண்டாம் வருஷப் பாடம். அதில் முதல் மதிப்பெண் வாங்கிய மேதாவி நான். 'நாலு இட்லி' என்பதற்குப் பக்கத்தில் 'பொய்' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அந்த நோட்டை நஞ்சுண்டப்பா சாரிடம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் நோடோண சொல்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்து, கண்ணை மூடித் திறக்காமல் சொன்னார்: "பொய் சொல்ற ஆள் டீம்ல வேணாம்மா. எடுத்துடலாம்."

பத்து மாதத்தில் அவர் உடனடியாக எடுத்த ஒரே முடிவு, என் பேச்சைக் கேட்டு எடுத்தது.

மறுநாள் முருகேசன் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனான். பாஷா மட்டும் கேன்டீன் கவுண்டருக்கு வந்து நின்றான். "என்னா மேடம், நோட்டுல எழுதுனா வயித்துக்குள்ள போயிடுமா? அவன் ஊட்டுக்குப் போயி ஒரு நாள் பாத்தீங்களா?"

கோபத்தோடுதான் போனேன், என் முடிவு சரி என்று நிரூபிக்க. ஞாயிற்றுக்கிழமை, ஈஜிபுராவில் மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. முருகேசன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். அவன் மனைவி கஸ்தூரி மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் கை நின்றது.

"ஓ, நீங்கதான் அந்த மேடமா? புருஷனுக்குச் சோறு போடாதவளுன்னு என்னப் பத்தி ஆபீஸ்ல எழுதிக் குடுத்தீங்களாமே?"

"நான் அப்படி எழுதல..."

"வேற எப்படி எழுதுனீங்க? அந்த மனுசன் நாலு இட்லி துண்ணாருன்னு நான் சாமி மேல சத்தியம் பண்ணணுமா? இந்தா பாருங்க பாத்திரம். இந்தா இட்லித்தட்டு. எண்ணிக்கோங்க." இட்லித்தட்டு என் மடியில் வந்து விழுந்தது. "சோறு போடுறேன், துணி துவைக்கிறேன். துணின்னதும் ஞாபகம் வருது. நீங்க குடுக்குற அந்த பனியனுக்கு என்னா எழவப் பூசி அனுப்புறீங்க? ஊற வெக்கறதுக்குள்ள எறும்பு மொய்க்குது. கழுத்துலருந்து வயிறு வரைக்கும் பிசுபிசுன்னு. அதுவும் போன மாசத்துலருந்து கேக்கவே வேணாம், வீடு பூரா எறும்பு."

போன மாதம்தான் நான் சர்க்கரையைக் கூட்டினேன்.

இட்லித்தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு முருகேசன் உள்ளே வந்தான். என்னைப் பார்த்துத் திகைத்தான். குடத்தை இறக்கி, சொம்பில் மொண்டு, தலையை அண்ணாந்து, சொம்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான். என் வீட்டில் நானும் அப்படித்தான் குடிக்கிறேன். என் அப்பா, அம்மா, எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் குடிக்கிறார்கள். பொதுப் பாத்திரத்தில் வாய் வைத்து எச்சில் பண்ணக் கூடாது என்று நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது.

"முருகேசா, சைக்கிள்லயும் இப்படித்தான் குடிக்கிறியா?"

"பின்ன? எல்லாரும் குடிக்கற பாட்டில் மேடம் அது."

திங்கட்கிழமை தொழிற்சாலையின் பின்பக்கச் சாலையில் அவனை என் கண் முன்னால் ஓட்டிக்கொண்டே குடிக்கச் சொன்னேன். தலையை அண்ணாந்தான். பாட்டிலை மேலே தூக்கிக் குலுக்கினான். காற்று பாதியைக் கொண்டுபோனது, தாடையும் கழுத்தும் மீதியை வாங்கிக்கொண்டன. இரண்டு மடக்குதான் தொண்டைக்குள் இறங்கியது. அதற்குள் சக்கரம் நெளிந்து சாக்கடைப் பக்கம் போக, சட்டென்று தலையை இறக்கினான். பிறகு மிச்சத்தை ரோட்டில் கவிழ்த்துவிட்டு, காலி பாட்டிலை ஒழுங்காக என்னிடம் கொடுத்தான். "கனம் எதுக்குத் தூக்கணும்னு கொட்டிடுவேன் மேடம்."

காலி பாட்டில். நான் எத்தனை தடவை 'குடித்தான்' என்று எழுதியிருப்பேன்!

"அப்ப மத்தவங்க?" என்று கூட வந்திருந்த பாஷாவைப் பார்த்தேன்.

பாஷா தலையைச் சொறிந்தான். "நாங்கெல்லாம் யாரும் பாக்காதப்ப வாய் வெச்சுதான் மேடம் குடிப்போம். ஜீப்பு முன்னாடி போயிடுதுல்ல."

முருகேசன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அடப்பாவி! அந்தப் பாட்டிலத்தானடா எனக்கு நீட்டுவ?"

"நீதான் தூக்கிக் குடிக்கிற ஆளாச்சே, உனக்கென்னா?"

பந்தயத்துக்கு இரண்டு வாரமும் சில நாட்களும் இருந்தன. முருகேசன் பெயர் பட்டியலில் இல்லை. நஞ்சுண்டப்பா சாரிடம் போய், நான் எழுதியது தப்பு என்றேன். அவர் என் நோட்டையே எடுத்து, கோடு போட்ட சொல்லைக் காட்டினார்.

"போன வாரம் பொய் சொல்றான்னே. இந்த வாரம் எறும்பு சொல்லிச்சுங்கிற. நோடோண."

"எப்போ சார் நோடோண? எங்க நோடோண? நீங்க ஒரு தடவகூடப் பின்னாடி திரும்பிப் பார்த்ததில்லையே சார்! முன்சீட்டு, ஆரஞ்சுப் பழம், நேரா ரோடு. ஒரே ஒரு நாள் ஜீப்புல பின்னாடி திரும்பி உக்காருங்க. அதுக்கப்புறமும் நீக்கணும்னா அவனோட சேத்து என்னையும் நீக்கிடுங்க."

ஒரு மேலதிகாரியிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. ஆபீசில் டைப்ரைட்டர் சத்தம் நின்றுபோனது. அவர் கண்ணை மூடித் திறந்தார். நோடோண என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, அதைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். கையில் ஆரஞ்சு. முருகேசன் பத்தடி பின்னால் ஓட்டி வந்தான். அண்ணாந்தான், குலுக்கினான், சிந்தினான், நெளிந்தான். இரண்டாவது தடவை அவன் அண்ணாந்தபோது எதிரில் லாரி ஒன்று ஹாரன் அடிக்க, அவன் சாலையை விட்டு மண்ணில் இறங்கி ஏறினான். நஞ்சுண்டப்பா சாரின் கை தாடைத் தழும்புக்குப் போனது.

"இப்படித்தாம்மா விழுந்தேன்" என்றார். "மைசூர் ரோட்டுல. தண்ணி குடிக்கறப்போ. அன்னிக்கு விட்டேன், ஓட்டும்போது குடிக்கறதையே. தண்ணி குடிச்சா பேலன்ஸ் போகும்னு எல்லாப் பசங்களுக்கும் சொல்லிட்டேன்." ஆரஞ்சை மடியில் வைத்தார். "தண்ணியாலன்னே நெனச்சுட்டேன். தலையைத் தூக்கினதாலன்னு தோணவே இல்ல."

ஆரஞ்சு உரிக்கப்படாமலே இருந்தது. ஜீப்பை நிறுத்தச் சொன்னார். "என்ன பண்ணணும்?"

"ஆளுக்கு ஒரு பாட்டில் சார். சொந்தமா. வேற யாரும் தொடக் கூடாது."

"மாடம்மா" என்றார். செய்யம்மா. அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சொந்த பாட்டில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கே! பெயிண்ட் ஷாப்பில் பெயர் எழுதி வாங்கிக் கொடுத்த பாட்டிலை முருகேசன் முதல் நாள் வாய்க்குக் கொண்டுபோனான். உதட்டுக்கு ஒரு விரல் தூரம் வந்ததும் கை தானாக மேலே ஏறிவிட்டது. திட்டினேன். "என் பேச்ச கை கேக்கல மேடம்" என்றான். மறுபடி ஈஜிபுராவுக்கு ஓடினேன். இந்தத் தடவை கஸ்தூரி உட்காரச் சொன்னாள்.

"வீட்டுலயும் இந்தப் பாட்டில்லதான் குடிக்கணும். வாய் வெச்சு. நீங்கதான் பழக்கணும்."

"நல்லாக் கேட்டீங்க! எங்க மாமியார் பாத்தா அவருக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, என்னத் தொரத்துவாங்க." சிரித்தாள். பிறகு ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய பச்சைத் துண்டு ஒன்றை எடுத்து, பாட்டிலின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். "இது கம்பெனி பாட்டில் இல்ல. நம்ம ஊட்டு பாட்டில்னு சொல்லுங்க. வெக்கிறாரா இல்லையான்னு நான் பாக்குறேன்."

பந்தயத்தன்று என் இடம் வழக்கம்போல ஆனேக்கல் திருப்பம். இதில் எரிச்சல் என்னவென்றால், நான் நிற்கும் இடத்தில் கொடுப்பதைத்தான் பார்க்க முடியும். குடிப்பதைப் பார்க்க முடியாது. மூன்றாவது சுற்றில் பச்சைத் துணி கட்டிய பாட்டிலை இரண்டு விரலில் பிடித்து ஓடினேன். ஆறு பேர் கூட்டமாக வந்தார்கள். முருகேசன் நாலாவது. கை பட்டது, விட்டேன். அடுத்த நொடி முதுகுதான் தெரிந்தது. திருப்பத்தில் மறைந்தான். ஆனேக்கலிலிருந்து சந்தாபுராவுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆள் நிரம்பாமல் நகர மாட்டேன் என்றார் டிரைவர். மூன்று பேர் இடத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். அப்படியும் வழியில் இரண்டு பேரை ஏற்றினார்.

சந்தாபுராவில் போய் இறங்கும்போது பந்தயம் முடிந்துவிட்டிருந்தது. கூட்டத்துக்குள் ஜீப். பின்கதவு திறந்திருந்தது. நஞ்சுண்டப்பா சார் பின்பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நூறு கிலோமீட்டரும் அப்படியே வந்திருக்கிறார், முகமெல்லாம் புழுதி. எத்தனாவது என்று நான் கேட்கவில்லை.

"குடிச்சானா சார்?"

"அத்திப்பள்ளி ஏத்தத்துல ஒரு தடவ. தலையத் தூக்கவே இல்லம்மா. கண்ணு ரோட்டுலயே இருந்துச்சு." மூன்று விரலைக் காட்டினார். "கடைசில ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வந்தான். அரை சக்கரம்."

கஸ்தூரி அங்கே வந்திருந்தாள். மூச்சு வாங்க நின்றவனிடம் போனாள். நேராக ஜெர்சியின் கழுத்தைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வெறும் வேர்வ" என்றாள்.

மாதக் கடைசியில் அவன் கேட்டுக்கு வெளியே போகவில்லை. என் நோட்டில் 'பொய்' என்று கோடு போட்டிருந்த பக்கத்தை நான் கிழிக்கவும் இல்லை. புதிதாக அணியில் சேருகிறவனுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன். 'குடித்தான்' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு எழுதவில்லை. 'கொடுத்தேன்' என்று மட்டும் எழுதினேன்.

மற்றதெல்லாம் எல்லாத் தொழிற்சாலைக்கும் நடந்ததுதான். அணியைக் கலைத்தார்கள். நஞ்சுண்டப்பா சார் வயது முடிந்து போனார். கேன்டீனைக் கான்ட்ராக்டுக்கு விட்டார்கள். பிரஸ் ஷாப்பை மூடியபோது முருகேசனும் நானும் ஒரே வரிசையில் நின்று விருப்ப ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். அவன் சந்தாபுராவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளம் கூடுவது அங்கேதான்.

நான் அவர்களிடம் கேட்கிற கேள்வி இதுதான்: "உன் சட்டையைத் துவைக்கிறது யார்?"

"வாஷிங் மெஷின் மேடம்" என்கிறார்கள். அல்லது, "ஏன் மேடம்?" என்கிறார்கள். கிராம் கணக்கு தெரிகிறது, நிமிஷக் கணக்கு தெரிகிறது. கையில் கட்டிய கடிகாரம் இதயம் துடிப்பதைக்கூடச் சொல்கிறது. பொட்டலத்தைக் கிழித்ததும் பாதி கையுறையில், பாதி ஹேண்டில்பாரில். காலிப் பொட்டலத்தைக் காட்டி, "ரெண்டு சாப்பிட்டேன் மேடம், அப்படியும் கால் போயிடுச்சு, பிராண்டை மாத்தட்டுமா?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஏனென்றால் அந்தக் குரல் என்னுடையது. பத்து வருஷத்துக்கு முந்தைய என் குரல்.

போன ஞாயிறு அந்தப் பட்டாளத்தில் ஒரு பெண், சித்ரா, சின்னவள், வாயாடி, நான் திட்டி முடித்ததும் கேட்டாள்: "மேடம், நீங்க எவ்ளோ தூரம் ஓட்டியிருக்கீங்க?"

முருகேசன் செயினுக்கு எண்ணெய் போடுவதில் மும்முரமானான். பத்து வருஷம் சாலையோரத்தில் ஓடி ஓடி பாட்டில் கொடுத்திருக்கிறேன். நூறு கிலோமீட்டர் மிதித்த பிறகு ஒரு பேரீச்சம்பழம் தொண்டையில் எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஒரு கிலோமீட்டர்கூட இல்ல" என்றேன்.

அதனால் வருகிற ஞாயிறு நானே ஏறுகிறேன். முருகேசன் ஒரு பழைய சைக்கிளைத் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறான். அதே முக்கோணம், முதலில் ஒரே ஒரு சுற்று. தின்பதற்கு அவன் யோசனை ஒன்று: கேழ்வரகுக் களியை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, உள்ளே வெல்லமும் உப்பும் வைத்துக் கொடுக்கிறான். இந்த ஊரில் அதை மெல்லுவதில்லை, விழுங்குவார்கள். மூச்சு வாங்கும்போது மெல்லுகிற தொல்லை இருக்காது என்கிறான். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்கிறேன் நான். ஓரம் கட்டி நின்று, ஒன்று தின்று பார்த்த பிறகுதான் ஓட்டிக்கொண்டே தின்பது என்று உடன்பாடு. ஆனேக்கல் திருப்பத்தில் பாட்டிலோடு சித்ரா நிற்பாள். இரண்டு விரலால் கழுத்தைப் பிடிக்க நேற்று கற்றுக் கொடுத்தேன். மூன்று பாட்டிலைக் கீழே போட்டாள்.

நோட்டு அன்றைக்கு என்னிடம் இருக்காது. அதைக் கஸ்தூரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நீங்க துண்ணதா குடிச்சதா எதையும் சொல்ல வேணாம் மேடம்" என்றாள். "சட்டையத் துவைக்காம நேரா இங்க கொண்டாந்து குடுங்க. நான் பாத்து எழுதிக்கிறேன்."